கிளித்தட்டில் கிளியைத் தூக்கிவிட்டால்: வீடியோ கேம் ஏன் பம்பலாக இருக்கிறது?

1976இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பிரேக்அவுட்' விளையாட்டை இன்றைய பிள்ளைகளுக்குக் காட்டினால் சிரிப்பார்கள். திரையின் மேற்பகுதியில் செங்கல் வரிசை, கீழே ஒரு மட்டை, இடையில் ஒரு பந்து. பந்து பட்ட கல் மறையும். பந்தைக் கீழே விழ விடக்கூடாது. அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் காலத்தில் அந்த இயந்திரத்துக்குக் காசு போட்டுப் போட்டு ஆட்கள் மணிக்கணக்காக நின்றார்கள்.

ஏன் நின்றார்கள் என்று மினக்கெட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் தோமஸ் மலோன். 1980 வாக்கில் கலிபோர்னியாவில் ஆய்வு மாணவராக இருந்தவர். தத்துவம் எதுவும் பேசாமல், விளையாட்டை எடுத்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். ஒரு வடிவத்தில் புள்ளிக் கணக்கு இல்லை. இன்னொன்றில் பந்து பட்டாலும் கல் உடையாது. இப்படிப் பல வடிவங்களை ஆட்களிடம் கொடுத்து எது பிடித்தது என்று பார்த்தார். புள்ளியைவிடக் கல் உடைவதுதான் பெரிய விஷயம் என்று தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். உடைகிற கல் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. எவ்வளவு முடித்தாய் என்பது சுவரில் விழுந்த ஓட்டையாகத் தெரிகிறது, இன்னும் எவ்வளவு கிடக்கிறது என்பது மிச்சச் சுவராகத் தெரிகிறது. மூலையில் ஓடும் இலக்கத்தை வாசித்து விளங்க வேண்டும். ஓட்டையை விளங்க வாசிப்பு வேண்டாம்.

பின்னங்களைப் பழக்கும் 'டார்ட்ஸ்' என்ற கணினி விளையாட்டையும் அவர் இப்படியே கழற்றினார். எண்கோட்டில் பலூன்கள் இருக்கும். இடத்தைச் சரியாகக் கணித்தால் அம்பு பாய்ந்து பலூன் வெடிக்கும். அம்பும் பலூனும் ஆண்பிள்ளைகளுக்குப் பிடித்தன. பெண்பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கணக்கு அதே கணக்குத்தான், மேலே போர்த்திய கற்பனைதான் ஆளுக்காள் வேறுவிதமாக வேலை செய்தது. சவால், கற்பனை, அறியும் ஆவல் ஆகிய மூன்றும்தான் கேமை ஈர்ப்பாக வைத்திருக்கின்றன என்று மலோன் முடிவாக எழுதினார். அவருக்குப் பின்னால் எத்தனையோ கோட்பாடுகள் வந்துவிட்டன. என்னைக் கேட்டால், அவருடைய பட்டியலைவிட அந்தக் கழற்றிப் பார்க்கும் முறைதான் கேம்களை ஆராயும் இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர் முதலில் பழக வேண்டியது.

நமக்குத் தெரிந்த விளையாட்டு ஒன்றில் அதைச் செய்து பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் கிளித்தட்டு மறித்து வளர்ந்தவர்கள் ஏராளம். 90களின் முதற்பாதியில் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். வெளியுலகத்துப் பிள்ளைகள் மாரியோவோடு வளர்ந்த அந்த வருடங்களில் இங்கே பின்னேரம் என்றால் கோவில் வீதியில் கோடு கீறுவதுதான்.

நீள்சதுரத்தை நடுவே ஒரு கோடும் குறுக்கே பல கோடுகளும் பிரிக்கும். மறிக்கிற அணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறுக்குக் கோடு. அந்தக் கோட்டில் இடம் வலமாக ஓடலாம், கோட்டை விட்டு வரக்கூடாது. அந்த அணியில் 'கிளி' என்று சொல்லப்படும் ஒருவருக்கு மட்டும் நடுக்கோட்டிலும் சுற்றுக் கோட்டிலும் ஓட உரிமை உண்டு. மற்ற அணி அடிபடாமல் எல்லாத் தட்டையும் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும்.

இப்போது கிளியைத் தூக்கிவிடுங்கள். முன்னால் மறிக்கிறவர் ஒருவர் மட்டும்தான். அவர் அலுத்துப்போகும் வரை நீங்கள் தட்டுக்குள் நின்று கச்சான் கூடச் சாப்பிடலாம். அவருக்கு உங்களை வந்து அடிக்க வழியில்லை, உங்களுக்கு அவசரமும் இல்லை. ஆட்டம் செத்துவிட்டது. கிளியைத் திரும்ப விடுங்கள். நின்றால் கிளி பின்னால் வந்து அடிக்கும், ஓடினால் முன்னால் நிற்பவர் அடிப்பார். ஒரு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். இவ்வளவு நேரமும் இல்லாத நெஞ்சிடி அப்போதுதான் தொடங்குகிறது. தன் கூட்டாளி அந்தப் பக்கம் போலியாகப் பாய்ந்து மறிக்கிறவரை இழுப்பது, கிளியைப் பார்த்து வெளியிலிருந்து கத்துவது எல்லாமே அந்த ஒரு விதியிலிருந்து முளைத்தவை. "கிளித்தட்டில் கத்த வேண்டும்" என்று யாரும் விதி எழுதவில்லை.

2004இல் ரொபின் ஹுனிக், மார்க் லெப்லாங்க், ரொபர்ட் சூபெக் மூவரும் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் மூன்று அடுக்காகச் சொன்னது. அடியில் விதிகள். விதிகள் ஆட்களோடு மோதும்போது நடக்கிற நடப்பு அதற்கு மேலே. அந்த நடப்பு மனதில் எழுப்பும் உணர்வு எல்லாவற்றுக்கும் மேலே. கேம் செய்கிறவர் தொடக்கூடியது அடியில் கிடக்கும் விதிகளை மட்டுமே. விளையாடுகிறவருக்கோ முதலில் தெரிவது மேலே உள்ள உணர்வு. "பயங்கரமாக இருக்கட்டும்" என்று யாராலும் ஒரு கேமுக்குள் எழுத முடியாது. துப்பாக்கியில் குண்டு குறைவாக இருக்கட்டும், கதவு மெதுவாகத் திறக்கட்டும் என்றுதான் எழுத முடியும். பயம் தானாக வர வேண்டும்.

சரி, அந்த உணர்வு மூளைக்குள் எங்கிருந்து வருகிறது? இதற்கு எனக்குப் பிடித்த பதில் ராஃப் கோஸ்டர் என்ற கேம் வடிவமைப்பாளருடையது. மூளை ஒரு ஒழுங்கைக் கண்டுபிடித்துக் கற்றுக்கொள்ளும்போது எழுகிற புளுகம்தான் விளையாட்டின் இன்பம் என்பது அவர் வாதம். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் வட்டமும் புள்ளடியும் போடும் விளையாட்டைப் பாருங்கள். ஏழு வயதில் உயிரைக் கொடுத்து ஆடுவோம். பத்து, பன்னிரண்டு வயதில் அலுத்துவிடும். இருவரும் சரியாக ஆடினால் எப்போதும் சமநிலைதான் என்பது கைக்குப் பிடிபட்டுவிட்டது, கற்க ஒன்றும் மிச்சமில்லை. சதுரங்கம் ஆயுள் முழுக்க அலுக்காததும் இதே காரணத்தால்தான். "கேமில் இருந்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று வீடுகளில் கேட்பதற்குக் கோஸ்டர் கணக்கில் ஒரு பதில் இருக்கிறது: படித்து முடிந்ததும் அவனே விட்டுவிடுவான்.

இந்தக் கற்றலைக் கேம் எப்படி நடத்துகிறது என்பதற்கு 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் முதல் அரை நிமிடத்தை விடச் சிறந்த பாடம் இல்லை. கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். மாரியோ திரையின் இடது பக்கத்தில், வலது பக்கம் பார்த்தபடி நிற்கிறான். அவனுக்கு முன்னால் வெறும் வெளி. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை, கால் தானாக வலப்பக்கம் போகிறது. கொஞ்ச தூரத்தில் கேள்விக்குறி போட்ட பெட்டி ஒன்று மினுங்குகிறது. அதே நேரம் முகத்தைச் சுளித்த காளான் போன்ற ஒரு உருவம் எதிரே நடந்து வருகிறது. சும்மா நின்றால் அது முட்டி மாரியோ சாவான். சாவு என்றாலும் நட்டம் சில நொடிதான், தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லையே. இரண்டாம் தரம் துள்ளிப் பார்ப்பீர்கள். ஒன்றில் அதைத் தாண்டுவீர்கள், அல்லது அதன் தலையில் விழுந்து நசுக்குவீர்கள். துள்ளும்போது தலை பெட்டியில் பட்டால் காசு வரும். ஆகா, பெட்டியை அடிக்கலாம்.

அடுத்த பெட்டியில் இருந்து ஒரு காளான் வெளியே வருகிறது. முந்தினது கெட்டது, இது நல்லது என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியமோட்டோவின் குழு இங்கே செய்த சூட்சுமத்தைப் பாருங்கள். காளான் முதலில் உங்களை விட்டு விலகி ஓடுகிறது. போய் ஒரு குழாயில் முட்டித் திரும்பி உங்களை நோக்கி வருகிறது. பயந்து துள்ளினாலும் தலைக்கு மேலே கற்கள், அநேகமாக அதன் மேலேயே விழுவீர்கள். மாரியோ பெரிதாகிறான். பயந்தது பரிசாக முடிந்தது. நாலைந்து விதிகள், சொல் எதுவும் இல்லை, உபதேசம் இல்லை. ரியூசன் கொட்டிலில் வெண்பலகை முழுக்கக் குறிப்பெழுதிப் போடுகிற வாத்தியார்கள் ஒரு தரம் இதை விளையாடிப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு சின்ன ஆசை.

அந்தச் சாவு மலிவாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். 1938இல் யொஹான் ஹுயிசிங்கா என்ற டச்சு வரலாற்றாசிரியர், விளையாட்டு அன்றாட வாழ்வில் இருந்து கோடு கீறிப் பிரித்த தனி இடத்தில் நடக்கிறது என்று எழுதினார். கோட்டுக்குள் தோற்றால் கோட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் அந்தக் கோடு இல்லை. ஒரு தரம்தான் எழுதலாம், வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தால் ஊரே விசாரிக்கும். இரண்டிலும் கேள்விகள் கடினம்தான். ஒன்றில் மட்டும் பிழைவிட்டுப் பார்க்கப் பிள்ளைக்குத் துணிவு வருகிறது.

ஆனால் மலிவான சாவு மட்டும் போதாது. கடினமும் அளவாக இருக்க வேண்டும். மிஹாய் சிக்சென்மிஹாய் என்ற உளவியலாளர் 1970களில் மலை ஏறுகிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், நடனக்காரர்கள், சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர்கள் எனப் பலரிடம் பேசினார். வேலையில் தன்னை மறந்து, நேரம் போனது தெரியாமல் மூழ்கும் ஒரு நிலையை எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி விவரித்தார்கள். வேலையின் கடினமும் ஆளின் கைத்திறனும் கிட்டக்கிட்ட இருக்கும்போது அந்த மூழ்கல் வருகிறது. கடினம் கூடினால் பதற்றம், குறைந்தால் கொட்டாவி. என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும், செய்தது சரியா பிழையா என்று உடனே தெரியவும் வேண்டும். பிந்தையதைச் சனம் மறந்துவிடுகிறது. பரீட்சை மறுமொழிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிற பிள்ளைக்குக் கேமில் ஒரு நொடியில் மறுமொழி வருகிறது.

ஆளின் திறன் ஏற ஏறக் கடினமும் ஏற வேண்டும் என்பதைக் கேம்கள் பல வழிகளில் கையாள்கின்றன. ஒன்று தற்செயலாகவே கிடைத்தது. 1978இல் ரொமொஹிரோ நிஷிகாடோ செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இயந்திரத்துக்கு வேகம் போதவில்லை, திரையில் எதிரிகள் நிறைந்திருந்தால் எல்லாம் ஊர்ந்தன. சுடச்சுட எதிரிகள் குறைய, இயந்திரத்தின் பாரமும் குறைந்து மிச்சமிருந்தவை விரைந்தன. இது ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துகிறது என்று கண்டு அவர் அப்படியே விட்டுவிட்டார். 2005இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' விளையாடுகிறவரின் கையைப் பார்த்து எதிரிகளின் பலத்தை ஒளித்துக் கூட்டிக் குறைத்தது. 'பப்ஜி மொபைல்' தொடக்க ஆட்டங்களில் நீங்கள் சுட்டு வீழ்த்தும் ஆட்களில் நிறையப் பேர் ஆட்களே இல்லை, கணினி ஓட்டுகிற பொம்மைகள். முதல் நாளே "நான் பெரிய சுடுகாரன்" என்று நினைத்தவர்கள் மன்னிக்கவும்.

மூழ்கலை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. தனியாக ஆடினால் அரை மணித்தியாலத்தில் அலுக்கிற கேம், கூட்டாளிகளோடு விடிய விடிய ஓடுவது ஏன்? எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் இருவரும் வளர்த்த ஊக்கக் கோட்பாடு இங்கே உதவும். மனிதருக்கு மூன்று தேவைகள்: என் முடிவை நானே எடுக்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. ரயனும் ஸ்கொட் ரிக்பியும் அண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 2006இல் இதை வீடியோ கேம்களில் சோதித்தார்கள். இந்தத் தேவைகளை எந்தக் கேம் கூடுதலாக நிறைக்கிறதோ அதற்குத்தான் ஆட்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். பலர் சேர்ந்தாடும் கேம்களில் மூன்றாவதும் தெளிவாகத் தெரிந்தது.

மூன்றாவதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கவே தேவையில்லை. கோடை காலத்தில் இங்கே இரவு எட்டு மணி என்றால் ரொறன்ரோவில் காலை பத்தரை. திருநெல்வேலியில் ஒரு பெடியன், ஸ்காபரோவில் அவன் சித்தியின் மகன், பாரிஸ் லாச்சப்பல் பக்கம் இன்னொரு மச்சான், மூவரும் ஒரே அணியில் 'ஃப்ரீ ஃபயர்' ஆடுகிறார்கள். காதில் மாட்டிய கருவியில் கேட்டால் பாதி கேம், பாதி ஊர்க்கதை. "அண்ணை, வலப்பக்கம் வீட்டுக்குள்ள ரெண்டு பேர்" என்றதற்கு அடுத்த வரி "அம்மம்மாவுக்கு இப்ப எப்பிடி?" என்று வரும். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்து வருடங்கள் ஆகியிருக்கும். ஒன்றாகச் செய்ய ஒரு வேலை இருந்தால்தான் பேச்சு தானாக வருகிறது. வெறுமனே அழைத்தால் "வேற என்ன, சுகமோ" என்பதோடு முடிந்துவிடும். முந்தைய தலைமுறைக்கு 304 கடதாசி ஆட்டம் செய்து கொடுத்ததும் பெரும்பாலும் இதுதான். அதில் அளாப்பிப் பிடிபட்டவருடைய கதை இன்னும் கலியாண வீடுகளில் ஓடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல பக்கம். இனி மற்றது.

வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் 1990களில் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் கலங்களை அளந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது கலங்கள் துடித்தன. ஒரு சைகைக்குப் பிறகு சாறு வரும் என்று குரங்கு பழகியதும் துடிப்பு சாற்றை விட்டுச் சைகைக்கு இடம் மாறியது. சைகை வந்தும் சாறு வராவிட்டால் வழமையைவிடக் கீழே இறங்கியது. ஆகவே டோபமினை இன்பச் சுரப்பு என்று பத்திரிகைகள் எழுதுவது அவ்வளவு சரியில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்தக் கலங்கள் சொல்கின்றன. இதற்கு வெகு முன்னரே ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களில் கண்டது இதனோடு பொருந்துகிறது: எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாவிட்டால்தான் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும்.

இதை அறிந்தவர்கள் அதைக் கேமுக்குள் வைத்தார்கள். காசு கொடுத்து வாங்கி, உள்ளே என்ன என்று தெரியாமல் திறக்கும் பரிசுப் பெட்டி அதன் அப்பட்டமான வடிவம். சுவீப் ரிக்கற் சுரண்டுகிற கைக்கும் அந்தப் பெட்டியைத் தட்டுகிற விரலுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடு வயதில்தான். 2018இல் பெல்ஜியம் இத்தகைய பெட்டிகள் தன் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று அறிவித்தது. மிட்டாய் அடுக்கும் கேம்களில் ஒரே ஒரு நகர்த்தலில் தோற்பதும் இந்தச் சாதிதான். லூக் கிளார்க் என்ற ஆய்வாளரின் குழு 2009இல் சூதாட்ட இயந்திரத்தில் சோதித்தபோது, மயிரிழையில் தவறியவை ஆட்களுக்குக் கசந்தன, ஆனாலும் இன்னொரு தரம் ஆடும் ஆசையைக் கூட்டின.

எங்கே கோடு கீறுவது? என் கணக்கு இது: பரிசை முழுக்கக் கழற்றிவிட்டால் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கிளித்தட்டில் பரிசு எதுவுமே இல்லை. மாரியோவில் காசை எடுத்துவிட்டாலும் துள்ளல் இருக்கிறது. சில கைபேசிக் கேம்களில் தினப்பரிசையும் பெட்டியையும் எடுத்துவிட்டால் தட்டுவதற்குப் பொத்தான் மட்டும்தான் மிஞ்சும்.

'அடிமை' என்று அவசரப்பட்டுச் சொல்வதையும் விட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'கேமிங்' கோளாறு இருக்கிறது. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, வாழ்வின் மற்ற எல்லாவற்றையும் கேம் பின்தள்ளுவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது ஆகியவை வழமையாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஓ.எல். சோதினை முடிந்த லீவில் இரவு இரண்டு மணி வரை ஆடுகிறவன் நோயாளி இல்லை.

பாடசாலைகளில் இப்போது "கேம் மாதிரிப் படிப்பிக்கிறோம்" என்று வில்லையும் நட்சத்திரமும் கொடுக்கிறார்கள். 1973இல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் படம் கீறுவதில் ஆசையுள்ள பாலர்களுக்குச் சான்றிதழ் தருவதாகச் சொல்லிக் கீறவைத்தார்கள். பிறகு சான்றிதழ் இல்லாத நாட்களில் அந்தப் பிள்ளைகள் முன்னரைவிடக் குறைவாகவே கீறினார்கள். கேமில் இருந்து எடுக்க வேண்டியது மாரியோவின் முதல் அரை நிமிடம். நட்சத்திரத்தை மட்டும் எடுத்தால் பரிசுக் கடைதான் வரும்.

உங்களுக்குச் செய்து பார்க்க ஆசை என்றால் கணினிகூட வேண்டாம். கரம் பலகையில் ஒரு விதியை மாற்றுங்கள், சிவப்புக் காய்க்கு வேலையே இல்லை என்று வையுங்கள். அல்லது உங்களுக்குப் பிடித்த கைபேசிக் கேமின் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஒரு பின்னேரம் ஆடுங்கள், எது செத்தது என்று குறித்துவையுங்கள். குறியீடு எழுதத் தெரிந்தவர் கேம் செய்ய உதவும் 'ஸ்கிராட்ச்' அல்லது 'கோடோ' மென்பொருளை எடுக்கலாம், இரண்டும் இலவசம். செங்கல் உடைக்கும் விளையாட்டு ஒரு நாள் வேலை. அப்புறம் அதை வேறொருவரிடம் கொடுத்துப் பார்ப்பதுதான் மெய்யான ஆய்வு.

கொடுத்துவிட்டு "எப்பிடி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு முன்னால் யாரும் கூடாது என்று சொல்ல மாட்டார்கள். டெசி 1971இல் செய்ததைச் செய்யுங்கள். அவர் மாணவர்களிடம் கட்டைப் புதிர் ஒன்றைக் கொடுத்துவிட்டு இடையில் எட்டு நிமிடம் அறையை விட்டுப் போவார். மேசையில் சஞ்சிகைகளும் கிடக்கும். ஆள் இல்லாத நேரத்தில் அவர்கள் புதிரைத் தொட்டார்களா, சஞ்சிகையைப் புரட்டினார்களா என்பதுதான் அவருடைய அளவுகோல். நீங்களும் "தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று எழுந்து போங்கள், அவருடைய கைபேசியை அவர் பக்கத்திலேயே விட்டுவிட்டு.